தாழம்பூ வாசமும் உன் அம்மாவின் கட்டைவிரலும்

தம்பி,

அப்பா பேசுகிறேன். எழுதுவது உன் தங்கை மல்லிகா. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல அவள் பள்ளிக்கூடத்துத் தமிழாக்கி எழுதிக்கொண்டு போகிறாள். நடுநடுவே என் பேச்சு எட்டிப் பார்த்தால் அவளைக் குறை சொல்லாதே. "அப்பா, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, கை வலிக்குது" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

போன வாரம் பெண் வீட்டுக்குப் போய்த் தாம்பூலம் மாற்றிக்கொண்டு வந்தோமே, அன்றிலிருந்து ஒரு விஷயம் என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்கிறது. பெண்ணின் அப்பா நல்ல மனுஷர், மரியாதையாகத்தான் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு நாகூர்ல என்ன வேலைங்க?" நீ தலையைக் குனிந்துகொண்டு, "பெருசா சொல்லிக்க ஒண்ணும் இல்லீங்க, அத்தர் கடையில பாட்டில் கழுவுறேன்" என்றாய். அந்தப் பெண்ணின் அண்ணன், குமாஸ்தா வேலை பார்க்கிறவன், ஒரு சிரிப்புச் சிரித்தான். நான் என் துண்டை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தம் பேசுகிற இடத்தில் பெற்றவனே பிள்ளையைத் தூக்கிப் பேசினால் அது நன்றாக இராது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீயே கேட்டாய்: "நம்ம வீட்டுக்கு நான் என்னப்பா செஞ்சேன், சொல்லிக்கிறதுக்கு?" பஸ்ஸில் மூட்டையும் கோழியுமாகக் கூட்டம், கண்டக்டர் வேறு கத்திக்கொண்டிருந்தான். அங்கே பதில் சொல்ல முடியவில்லை. நீ நாகூரில் இருந்ததால் உனக்குப் பாதிதான் தெரியும். மீதியையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாம் குடியிருக்கிற மனை உன் அம்மா வீட்டு வழியில் வந்தது. அவள் அப்பாவும் அவருக்கு அப்பாவும் பண்ணையில் ஆளாக இருந்தவர்கள். வாய்க்கால் ஓரமாகப் பண்ணை காட்டிய இடத்தில் மண்சுவர் வைத்துக் கீற்றுப் போட்டுக்கொண்டவர்கள். நான் வீட்டோடு வந்த மாப்பிள்ளை. ஆட்சி மாறி, சுவருக்குச் சுவர் சூரியன் வரைந்த பிறகு, குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்தது. ஊரே விழுந்தடித்துக்கொண்டு மனு எழுதிப் போட்டது. நம் மனையை உன் அம்மா பேரில் எழுதச் சொன்னேன். அவள் பிறந்த இடம் அவள் பேரில் இருப்பதுதானே நியாயம்?

தாலுக்கா ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பண்ணையின் வரவு செலவு, ஆள் அம்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் எங்களுக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் தாசில்தாரிடம் நீட்டினார். 'இந்த மனையில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, பண்ணை சொல்லும்போது காலி செய்துவிடுகிறேன்' என்று உன் அம்மா எழுதிக் கொடுத்ததாகக் காகிதம். அடியில் பளிச்சென்று ஒரு கைநாட்டு. உன் அம்மா பதறிப்போனாள். "சத்தியமா நான் வைக்கலீங்க, எம் பிள்ளைங்க மேல ஆணையா வைக்கலீங்க" என்றாள். தாசில்தார் சின்ன வயசுக்காரர். ஆணையை எல்லாம் கேட்டுக்கொண்டு, "இருங்கம்மா, அழாதீங்க. உங்க இடது கட்டைவிரலை இதுல வைங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துருவோம்" என்று மைப்பெட்டியைத் தள்ளினார்.

வைத்தாள். வெறும் கறுப்புத் திட்டு விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். திட்டும் அதன் குறுக்கே வெள்ளைக் கோடுகளும் விழுந்தன. அந்தக் கோடுகள் வெடிப்பு. ரேகை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. நடவுக்காரி கையை நீ பார்த்திருக்கிறாய். கட்டாகக் கட்டின நாற்று முடியை இடது கையில் பிடித்து, அந்தக் கட்டைவிரலால்தான் ஒவ்வொரு குத்தாகப் பிரித்து வலது கைக்குத் தள்ளவேண்டும். பாவாடை கட்டிய வயதிலிருந்து அவள் பிரித்த நாற்றும் அறுத்த கதிரும் அந்த விரலை வழித்துத் தின்றுவிட்டன. காரியக்காரர் நிதானமாகச் சொன்னார்: "அந்தக் காலத்துல நல்லா இருந்த கைங்க. இப்ப தேஞ்சு போச்சு. அதுக்காக வச்ச கைநாட்டு இல்லாமப் போயிடுமா?"

தாசில்தார் யோசித்தார். "நடவு முடிஞ்சதும் மறுபடி கூப்பிடுறேன். அதுக்குள்ள கையை ஏதாவது வைத்தியம் பண்ணிப் பாருங்கம்மா. ரேகை தெரிஞ்சா உங்க பக்கம் பேச எனக்கு ஒரு பிடி கிடைக்கும். தெரியலைன்னா இந்தக் காகிதத்தைத்தான் நான் நம்பியாகணும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வெளியே வந்து உன் அம்மா படியில் உட்கார்ந்தாள். "வீடு போறது கூட இல்ல. நான் வைக்காத கைநாட்டை நான்தான் வச்சேன்னு ஊரு சொல்லும் பாரு, அதுதான்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் நீ லீவில் வந்திருந்தாய். மீசை அரும்பிய வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, நாகூர் தர்கா கந்தூரித் திருவிழாவுக்கு மூட்டை தூக்கப் போன இடத்தில் அத்தர் கடை பாயிடம் தங்கிவிட்டவன். ஊரில் உனக்குப் பெரிய பேர் ஒன்றும் இல்லை. நானும் அப்போது உன்னைப் பெரிதாக எடை போடவில்லை. நீ வந்தாய், அம்மாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாய். தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய், இன்னும் என்னென்னவோ. அவளும் பூசத்தான் பூசினாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவாள். "அந்தக் கையோட சோத்துல எப்புடிக் கை வைக்கிறது? கொமட்டுது" என்பாள். நான் திட்டினேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் திட்டினார்கள். நீ ஒருத்தன்தான் திட்டாமல், "அம்மா கழுவாம இருக்கணும்னா அது மணக்கணும்பா" என்றாய். தம்பி, அந்த ஒரு பேச்சை நான் இன்னும் மறக்கவில்லை. நாங்கள் எல்லாரும் கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தோம், நீ கைக்குச் சொந்தக்காரியைப் பற்றி யோசித்தாய்.

பாய் கடையில் சிங்கப்பூர் சாமான் மாதிரி பாட்டிலில் அடைத்து விற்கிற லோஷனை நீ பார்த்திருந்தாய், அதை வீட்டிலேயே செய்யலாம் என்றாய். தேன் எடுக்கிறவரிடம் அடை வாங்கி மெழுகு உருக்கினாய். தேங்காயெண்ணெய் செக்கிலிருந்து வந்தது. மன்னார்குடிக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிவந்தாய். எண்ணெயும் மெழுகும் அடுப்பில் உருகிச் சேர்ந்ததும், வெங்காரம் கரைத்த தண்ணீரை அதில் ஊற்றினாய். திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், நடுவில் மெழுகுக் கட்டி. பக்கத்து வீட்டுப் பாக்கியம் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா தம்பி, ரசம் வைக்கிறியா?" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு நாகூர் பஸ்ஸைப் பிடித்தாய். பாயிடம் கேட்டுக்கொண்டு மறுநாளே திரும்பி வந்தாய்.

பாய் என்ன சொன்னார் என்று நீ அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "எண்ணெயும் தண்ணியும் ஒரே சூட்டுல இருக்கணும் வாப்பா. ஒண்ணு கொதிச்சுக்கிட்டு ஒண்ணு ஆறிப்போயி இருந்தா எந்தக் காலத்துலயும் சேராது. சேந்த பெறவு ஆறுற வரைக்கும் கை ஓயாமக் கிண்டணும்." நீ குடித்தனம் பண்ணப்போகிறவன் என்பதால் இதை ஞாபகப்படுத்தி எழுதச் சொன்னேன். மல்லிகா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

இந்தத் தடவை இரண்டு சட்டியையும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் வைத்து, விரல் முனையால் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்தாய். கிண்டுவதற்குக் கரண்டி சரிவரவில்லை. அம்மா மோர் மத்தை எடுத்துக் கொடுத்தாள். நீ மத்தை உருட்ட உருட்ட, மஞ்சளாக இருந்த எண்ணெய் வெளுத்து, கெட்டிப்பட்டு, காய்ச்சின பாலில் ஆடை கூடுகிற மாதிரி ஆனது. விவசாய வேலை தவிர வேறு ஒன்று என் கண்முன்னே பிறந்து வருவதை அன்றுதான் பார்த்தேன். கடைசியில் வாசனைக்கு என்ன போட்டாய்? வாய்க்கால் கரையில் பூத்திருந்த தாழம்பூ. மடலைக் கிழித்து எண்ணெயில் ஊறப்போட்டு வைத்திருந்தாய். வீடே மணத்தது. உன் அம்மா பூசிக்கொண்டு கையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கழுவவில்லை. "இது எனக்கே எனக்கா?" என்று கேட்டாள்.

காலையிலும் பூசிக்கொண்டு நடவுக்குப் போனாள். அங்கேதான் வந்தது வினை. குனிந்து நாற்றைப் பிரித்ததும் வாசனை கிளம்பியது. பக்கத்தில் நின்ற பாக்கியம் மூக்கை உறிஞ்சினாள். "ஏண்டி, தாழம்பூ வாடை அடிக்குது?" என்றாள். உன் அம்மா கையைக் காட்டினாள். "அடிப் பாவி! தாழம்பூவுக்குப் பாம்பு வரும்னு உம் மவனுக்கு யாரும் சொல்லலையா? முழங்கால் சேத்துல நின்னுக்கிட்டு நல்ல பாம்பை வெத்தலபாக்கு வச்சு அழைக்கிறியே!" அவ்வளவுதான். ஒருத்தி வரப்பில் ஏறினாள், அடுத்தவள் ஏறினாள், மொத்த வரிசையும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றது. அப்போது இருந்த நிலவரம் உனக்குத் தெரியும். கூலித் தகராறு புகைந்துகொண்டிருந்த நேரம். நடவாட்கள் சேர்ந்தாற்போல் கரையேறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காரியக்காரர் குடையைக் கூட விரிக்காமல் வரப்பு வழியே ஓடி வந்தார். இந்தப் பக்கத்திலிருந்து சங்கத்துத் தோழர் கொடியோடு ஓடி வந்தார். காரியக்காரர் முந்திக்கொண்டார். "இந்தாங்க, கஞ்சி குடிக்க நேரம் விடலைங்கிறதுதானே உங்க கொறை? இனிமே விடச் சொல்றேன். நாத்து காயிது, எறங்குங்க" என்றார். தோழர் மூச்சு வாங்கிக்கொண்டே, "கோரிக்கை என்னம்மா?" என்றார். பாக்கியம் சொன்னாள்: "கோரிக்கை ஒண்ணும் இல்ல தோழரே, பாம்பு. ஆனா கஞ்சிக்கு நேரம் விடுறேன்னாரே, அதை நீங்களும் கேட்டீங்கல்ல?"

அந்தப் பருவம் முழுக்கக் கஞ்சிக்கு நேரம் விட்டார்கள். சங்கத்தில் ரொம்ப நாள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குந்தியிருந்தாய். அம்மாதான் வந்து, "வாசனையைத்தான்டா மாத்தணும், மத்ததெல்லாம் தங்கமா இருக்கு" என்றாள். அப்புறம் வெட்டிவேரைத் தட்டி எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தாய். தஞ்சாவூர்க் கதம்பத்தில் வைத்துக் கட்டுவார்களே மருக்கொழுந்து, அதிலும் ஒரு கொத்துச் சேர்த்தாய். அந்த வாசனைக்கு யாரும் கரையேறவில்லை. கிட்டத்தில் வந்து நின்றார்கள். பெண்கள் அதற்கு 'வாசனைப் பால்' என்று பேர் வைத்தார்கள். நீ திரும்பிப் போவதற்குள் இரண்டு சட்டி காய்ச்சி, தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தாய்.

நீ போன பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாதது. லோஷன் ஒரு பக்கம் ஆற்ற, நாற்று ஒரு பக்கம் அறுத்தால் விரல் எப்படித் தேறும்? நடவை விட்டால் அடுப்பு எரியாது. பாக்கியம் ஒரு வழி சொன்னாள். "நீ நாத்தைப் பிரிக்காத. நான் பிரிச்சுத் தர்றேன், நீ நடு." அவள் களைத்தால் அடுத்தவள் பிரித்துக் கொடுத்தாள். வரிசை மெதுவாக நகர்ந்தது, காரியக்காரர் வரப்பில் நின்று, "என்னங்கடி, கையில செண்டு பூசிக்கிட்டா பட்டா வந்துருமா?" என்று கேலி பேசினார். "வராட்டிப் போவுது, எங்க வேர்வை நாத்தமாச்சும் உங்களுக்கு அடிக்காதுல்ல" என்று பாக்கியம் திருப்பிக் கொடுத்தாள். உன் அம்மா வேலை முடிந்து வாய்க்காலில் குளித்து வந்ததும் முதல் காரியமாகப் பூசுவாள். பூசிவிட்டு வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே கட்டைவிரலைத் தூக்கிப் பார்ப்பாள். வெடிப்பு மூடியது. தோல் இளகியது. ஒரு நாள் ஓடிவந்து, "இங்க பாருங்க, சங்கு! சின்னப் புள்ளையில எங்கம்மா பாத்துச் சொன்ன சங்கு, அப்புடியே இருக்கு!" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல் முனையில் சக்கரம் மாதிரி சுழியாமல் ஒரு பக்கமாக வளைந்து ஓடும் கோடு. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, சங்குக்கும் சக்கரத்துக்கும் வித்தியாசம் தெரியும்.

நாற்று பச்சை பிடித்ததும் விசாரணைக்கு மறுபடி கூப்பிட்டார்கள். உன் அம்மா இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் பூசிக்கொண்டு வந்தாள். அறைக்குள் போனதும் தாசில்தார் தலையைத் தூக்கி, "என்ன வாசனை இது?" என்றார். காரியக்காரர் முன்னால் தலை தூக்கியறியாதவள், நிமிர்ந்து, "எம் மவன் செஞ்சதுங்க. நாகூர்ல இருக்கான்" என்றாள். கோயிலில் பேர் சொல்லி அர்ச்சனை பண்ணுகிறமாதிரி சொன்னாள். அப்புறம் மையைத் தொட்டு வைத்தாள். எடுத்தபோது வரிவரியாக, சீப்பு வாரின மாதிரி ரேகை விழுந்திருந்தது. தாசில்தார் பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டு காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இந்தக் காகிதத்துல இருக்கிறது சக்கரம். இந்த அம்மா கையில இருக்கிறது சங்கு" என்றார். "வயசானா ரேகை மாறும்லீங்க?" என்று கேட்டார் காரியக்காரர். "தேயும்யா, மாறாது" என்றார் தாசில்தார். பிறகு தாசில்தார் தனக்குத்தானே கேட்கிற மாதிரி, "அப்ப இந்தச் சக்கரம் யாரோடது?" என்றார். அறையில் இருந்த எல்லாருடைய கண்ணும் காரியக்காரர் கையின் மேல் போயிற்று. அவர் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டார். யாரும் எடுத்துக் காட்டச் சொல்லவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை. காகிதம் தவறுதலாக வந்துவிட்டது என்று அவரே சொல்லி வாங்கி மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். தாசில்தார் கொடுக்கவில்லை.

பட்டா வந்தது. நம் தெருவில் இன்னும் சில பெண்கள் அதே போல வெறும் திட்டாகக் கை வைத்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. அவர்களுக்கும் உன் பக்குவத்தில் காய்ச்சின வாசனைப் பால்தான் போயிற்று. மத்தும் சட்டியும் வீடு வீடாகப் போய் வந்தன. இப்போது சொல், தம்பி. பாட்டில் கழுவுகிறவன் செய்த வேலையா இது? படித்து உத்தியோகம் பார்க்கிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் தாசில்தார் இல்லையென்றாலும் நமக்கு வழி கிடையாது. ஆனால் அம்மா ஏன் கழுவுகிறாள் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை எனக்கு வாய்த்தான் என்பதை நான் யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை. இப்போது மல்லிகா கையால் சொல்கிறேன். அந்தப் பெண்ணிடமும் உன் தொழிலைத் தலை நிமிர்ந்து சொல். எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டால் கற்றுக்கொடு. அவள் உன்னைவிட நன்றாகக் காய்ச்சினால் சந்தோஷப்படு. கல்யாணத்துக்குப் பிறகு அத்தர் கடையை விட்டுவிட்டு வேறு வேலை தேடலாமா என்று யோசிப்பதாக அம்மாவிடம் சொன்னாயாம். அந்த யோசனை வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாணம் ஆனபோது, இந்த வாசலில் பந்தக்கால் ஊன்ற உன் தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பண்ணையில் போய் நின்றார். பண்ணை மண்ணில் குழி தோண்டப் பண்ணை உத்தரவு வேண்டும். உத்தரவு வரத் தாமதமானதில், ஊன்றவேண்டிய மூங்கிலை மாப்பிள்ளையான நானே பந்தக்கால் முகூர்த்தம் முடியும்வரை தோளில் தாங்கிக்கொண்டு நின்றேன் என்று இப்போதும் உன் அம்மா சொல்லிச் சிரிப்பாள். வருகிற வெள்ளிக்கிழமை உனக்குப் பந்தக்கால். மூங்கில் வெட்டிக் கொண்டுவந்து போட்டாயிற்று. குழியை எங்கே தோண்டலாம் என்று கேட்டதற்கு, உன் அம்மா வாசலுக்கு நட்ட நடுவில் போய் நின்று, கால் பெருவிரலால் மண்ணைக் கீறிக் காட்டினாள். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கப் போகவில்லை.

உன் அப்பா